மறுமுனை பிடித்தவன்

நீல விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

செல்வப்பிரியா சர்வர் அறையின் கதவைத் தள்ளித் திறந்தவள், உள்ளேயிருந்த குளிர் முகத்தில் அடிக்க, ஒரு கணம் அப்படியே நின்றாள். மூன்றாவது ரேக்கில், நெஞ்சுயரத்தில், செத்துப்போன பழைய சர்வரின் முகப்பில் கடுகளவு நீல வெளிச்சம் தோன்றித் தோன்றி மறைந்தது. அந்த விளக்குக்கு ஒரே ஒரு வேலைதான். ஒன்றுபோலவே இருக்கும் பத்துப் பெட்டிகளில் எது என்று குழம்பாமல் இருக்க, ஒரு பக்கம் நிற்பவர் பொத்தானை அமுக்கினால் மறுபக்கத்திலும் அது மினுக்கும். ரேக்குக்குப் பின்னால் நிற்பவர் பார்த்து, இதுதான் என்று தெரிந்துகொள்வார். பாலக்காட்டு ஆபீசிலிருந்தும் அதை எரியவிடலாம், ஆனால் நெட்வொர்க் கேபிள் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. பதினொரு நாளாக இந்த அறைப் பக்கம் யாருமே வரவில்லை என்று கேட்டில் இப்போதுதான் சொல்லியிருந்தார்கள்.

"ஏனுங்கண்ணா, யாராச்சும் உள்ள வந்துட்டுப் போனாங்களா?"

"எவன் வரப்போறான்?" என்றான் பொன்ராஜ். "போன தடவ அமுக்கிட்டு அணைக்க மறந்திருப்பாக."

அவன் நடையிலேயே நின்றான். இரண்டு கைகளும் ஜாக்கெட் பைக்குள் இருந்தன. எந்த ஊர், எந்த அறையானாலும் முதலில் நுழைந்து விளக்குப் போடுகிறவன் அவன். இன்று வாசல் படிக்கு இந்தப் பக்கம் கால் வைக்கவில்லை.

செல்வப்பிரியா போய்ப் பொத்தானை அமுக்கி விளக்கை அணைத்தாள்.

இருவரும் நான்கு வருடமாக ஒன்றாக வேலை செய்கிறார்கள். பாலக்காட்டில் சின்ன சர்வீஸ் கம்பெனி. சர்வர் மாட்டுவது, பழுது பார்ப்பது, கழற்றி எடுப்பது. அவள் வடகரப்பதிக்காரி. அவன் இந்த ஏலப்பாறையிலேயே ஒரு எஸ்டேட் லயத்தில் பிறந்து வளர்ந்தவன். கல்யாணமாகாத பெண் வெளியூர் வேலைக்குப் போவதை அவள் அம்மா கமலாத்தாள் முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை. ஒரு நாள் பொன்ராஜ் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போன பிறகுதான், "இந்தத் தம்பி கூட இருந்தா நீ எங்க வேணாலும் போ கண்ணு" என்றாள். அன்றிலிருந்து அவன் செல்வப்பிரியாவுக்கு அண்ணன். தீபாவளிக்கு அவனுக்கும் ஒரு சட்டை எடுத்துவிடுவாள் அம்மா.

சென்ற வருடம் ஜூனில், எடவப்பாதிப் பருவமழை சமயத்தில் இடுக்கிப் பக்கம் அவனோடு தற்காலிகமாக வேலை பார்த்த ஜினோ என்ற பையன் கரண்டு அடித்துச் செத்துப்போனான் என்று கேள்விப்பட்டாள். பொன்ராஜ் பத்து நாள் வேலைக்கு வரவில்லை. திரும்பி வந்தபோது ஆள் பாதியாகியிருந்தான், மணிக்கட்டில் வலி என்றான். அதற்கப்புறம் அவன் எதையும் தூக்கி அவள் பார்த்ததில்லை. அவன் பையைக்கூட அவள்தான் சுமந்தாள். கனமான பெட்டி வந்தால் அந்தந்த இடத்து ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டாள். இன்று காலை ஏலப்பாறைக் கடைத்தெருவில் டீ குடிக்கும்போதுகூட, கண்ணாடி டம்ளரை மேசையிலேயே வைத்துக் குனிந்து உறிஞ்சினான். பாவமாக இருந்தது அவளுக்கு.

மணி பதினொன்றரை. ஆனால் வெளியே பார்த்தால் அப்படித் தெரியாது. விடிந்ததிலிருந்து மஞ்சு மூடுபனியாய் இறங்கிக் கிடந்தது. தேயிலைச் சரிவு, ரோடு, கேட் எல்லாம் அதற்குள் போயிருந்தன. இந்தக் கட்டடம் ஒரு காலத்தில் தேயிலைத் தொழிற்சாலை. எஸ்டேட் மூடியபின் ஒரு தனியார் கம்பெனி வாங்கி, மலைமேலிருக்கும் சின்னச் சின்னக் கிளினிக்குகளின் எக்ஸ்ரே படங்களையும் நோயாளி விவரங்களையும் சேர்த்து வைக்க, கீழே தேயிலை உலர்த்தும் அறையை அடைத்து சர்வர் அறையாக்கியிருந்தது. ஜன்னல் கிடையாது. வர்ணம் அடித்து, தரைக்கு ரப்பர் விரித்து, ஈரம் உறிஞ்சும் மெஷின் வைத்திருந்தும், சுவருக்குள்ளிருந்து பழைய தேயிலைத் தூளின் கசந்த வாசனையும், எண்ணெய்ப் பிசுக்கின் வாசனையும் மெதுவாகக் கசிந்துகொண்டே இருந்தன. விசிறிகளின் இரைச்சல் ஓயாமல் ஒரே சுருதியில் ஓடியது. கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தால் அதற்கடியில் வேறு சின்னச் சத்தங்கள் இருப்பதுபோலக் காது ஏமாறும்.

ஐந்து ரேக்குகள் சுவரிலிருந்து சுவர் வரை இடைவெளியில்லாமல் நின்றன. பின்பக்கம் போக இந்த அறைக்குள்ளிருந்து வழியில்லை. நடைக்குப் போய், இன்னொரு குறுகிய கதவு வழியாகத்தான் போகவேண்டும். அந்தப் பின்சந்தில் ஓர் ஆள் நிற்கலாம், திரும்பலாம், அவ்வளவுதான்.

மூலையில் தீயணைப்பு வாயு நிரப்பிய சிவப்பு சிலிண்டர் நின்றது. தண்ணீர் ஊற்ற முடியாத அறை என்பதால் தீப்பிடித்தால் வாயுவைப் பீய்ச்சிக் காற்றை விரட்டிவிடும். முதலில் மணி அடிக்கும், முப்பது விநாடிக்குள் வெளியேறிவிட வேண்டும். சிலிண்டரில் ஒட்டியிருந்த சீட்டைச் செல்வப்பிரியா பார்த்தாள். மறுபடி நிரப்பிய தேதி, சென்ற வருடம் ஜூன்.

"அண்ணா, மறுபடி நிரப்பியிருக்காங்களே, இது எப்பங்க பீய்ச்சுச்சு?"

பொன்ராஜ் சிலிண்டர் பக்கம் பார்க்காமலே சொன்னான்.

"டெஸ்ட்டு பண்ணிருப்பாக. நீ வேலயப் பாரு."

அவள் வேலையைப் பார்த்தாள். பழைய சர்வரின் இரண்டு மின்கம்பிகளையும் உருவினாள். பக்கத்து ஸ்க்ரூக்களைக் கழற்றினாள். கேட்டில் காவலுக்கிருந்த சூசையப்பன் புதுச் சர்வரைச் சக்கரம் வைத்த தள்ளுமேசையில் உள்ளே கொண்டுவர ஒரு கை கொடுத்திருந்தார். அவரே இந்தப் பழையதையும் அவளோடு பிடித்து இறக்கித் தரையில் வைத்தார். ஐம்பது வயதிருக்கும், இரண்டு மாதம் முன்புதான் இங்கே சேர்ந்ததாகச் சொன்னார்.

"அம்புட்டுத்தானம்மா? கேட்டுல ஆளில்ல" என்று கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் போனதும் அவள் தரையைப் பார்த்தாள்.

கம்பி உருவிய பழைய சர்வரின் முகப்பில் நீல விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

உள்ளே எங்காவது கொஞ்சம் மின்சாரம் மிச்சமிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள்.

புதிய சர்வரிலிருந்து ஹார்ட் டிஸ்க் வட்டுகளையெல்லாம் முதலிலேயே உருவி வைத்திருந்தாள். அதற்குப் பிறகும் முப்பது கிலோ. ரேக் பழசு, இழுத்து விடுகிற தண்டவாளம் கிடையாது. முன்னால் ஒரு ஜோடி, பின்னால் ஒரு ஜோடி இரும்புத் தாங்கிகள் மட்டும். பின்தாங்கி இரண்டும் கீழ்நோக்கி வளைந்திருந்தன, ஏதோ பெரிய பாரம் அவற்றின்மேல் விழுந்ததைப்போல. ஆகவே ஒருவர் முன்னாலிருந்து தூக்கித் தள்ள, மறுமுனை வளைந்த இடத்தைத் தாண்டும்வரை பின்னால் ஒருவர் கையில் தாங்கி இழுக்க வேண்டும்.

"சூசையப்பன் அண்ணனத் திரும்பக் கூப்பிடட்டுங்களா? உங்களுக்குக் கை வலிக்குமே."

"வேணாம்" என்றான் பொன்ராஜ். "நான் பின்னால போறேன். இதொன்னு நான் பிடிக்கிறேன்."

அப்படி அவன் சொன்னது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு வருடத்துக்கும் மேலாக ஒரு ஸ்க்ரூடிரைவரைக்கூடத் தூக்காத மனிதன். அவள் சிரித்துக்கொண்டே திரும்பினாள். கதவு மெதுவாக மூடியது. நடையில் அவன் காலடி கேட்டது. பிறகு விசிறிச் சத்தம் எல்லாவற்றையும் விழுங்கியது.

சர்வரின் ஒரு முனையைத் தள்ளுமேசையிலிருந்து முன்தாங்கியின் விளிம்பில் ஏற்றி வைத்து, இந்த முனைக்கடியில் இரண்டு கைகளையும் கொடுத்தாள். மேசையை முழங்காலால் ஒதுக்கித் தள்ளினாள். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே அழுத்தினாள்.

"அண்ணா, வந்துட்டீங்களா?"

பின்னாலிருந்து இரும்பில் இரண்டு தட்டு. டக், டக்.

வந்துவிட்டேன் என்பதற்கு அவர்களுக்குள் அதுதான் வழக்கம்.

"ஒன்னு, ரெண்டு, மூனு."

பெட்டி வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. பாதிக்கு மேல் போனதும் மறுமுனை கீழே சாயவேண்டும், சாயவில்லை. யாரோ அதை வாகாக ஏந்திக்கொண்டார்கள். நல்ல பிடி. பாரம் சரிபாதியாகப் பிரிந்து அவள் தோள் லேசானது. அண்ணனுக்கு வலி போய்விட்டது என்று நினைத்தாள்.

பெட்டிக்கு மேலே நான்கு விரற்கடை இடைவெளி இருந்தது. அதன் வழியாகப் பின்சந்து தெரிந்தது. இருட்டு.

"லைட்டுப் போட்டுக்கலையாண்ணா?"

டக், டக்.

அப்போது காதில் மாட்டியிருந்த ஹெட்செட்டில் போன் மணி அடித்தது. கையில் வேலை இருக்கும்போது தானாகவே எடுக்கும்படி அதை அவள் வைத்திருந்தாள். இரண்டு முறை மணி அடித்ததும் இணைப்பு கிடைத்தது.

"செல்வி."

பொன்ராஜின் குரல். பின்னால் கார் இன்ஜின் ஓடும் சத்தம்.

அவளுக்கு முதலில் ஒன்றும் தோன்றவில்லை. பின்சந்தில் நின்றுகொண்டு எதற்காகப் போன் செய்கிறான் என்றுதான் நினைத்தாள். இன்ஜின் சத்தம் அதற்கப்புறம்தான் மனதில் ஏறியது.

"அண்ணா... எங்கிருக்கீங்க?"

"கேட்டுக்கு வெளிய. செல்வி, நான் சொல்றதக் கேளு. கைய விட்டுராத. என்ன ஆனாலும் கைய மட்டும் விட்டுராத."

கைகளுக்கடியில் உலோகம் சில்லென்றிருந்தது. மறுமுனை ஆடாமல் அசையாமல் நின்றது. பொறுமையாக.

"இங்க... பின்னால யாருங்கண்ணா?"

அவன் அழுதுகொண்டிருந்தான். அழுகைக்கிடையில் சொல்லத் தொடங்கினான், நிறுத்தாமல், நாளெல்லாம் மனப்பாடம் செய்து வைத்தவனைப்போல. ஜினோ கரண்டு அடித்துச் சாகவில்லை. இதே அறை, இதே ரேக். ஜினோ பின்னால், இவன் முன்னால். ஐம்பது கிலோப் பெட்டி பாதி உள்ளே போயிருந்தது. வாயு மணி அடித்துவிட்டது.

"முப்பது விநாடி இருந்துச்சு, செல்வி. ரெண்டு பேருமே வெளிய வந்திருக்கலாம். இறக்கி வெச்சிட்டு வந்திருக்கலாம். அண்ணே விட்டுராதீக, நான் இதுக்கடியில நிக்கேன்னு கத்தினான். நான் விட்டுட்டு ஓடிட்டேன். தாங்கி வளஞ்சு, அவனச் சொவரோட அமுக்கிருச்சு. கதவுக்கு வெளிய நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். டீ குடிக்கப் போயிருந்தேன்னு ரிப்போர்ட்டுல எழுதிக் குடுத்துட்டேன்."

விசிறிகள் இரைந்தன. இடைவெளிக்கு அந்தப் பக்கம் இருட்டில், மூச்சு விடுவதைப்போல ஒரு சத்தம். உள்ளே இழுக்கும், ஆனால் வெளியே விடும் சத்தமே வராது.

"அன்னைலேருந்து நான் எதத் தூக்குனாலும் அந்தப் பக்கத்தயும் ஒரு கை பிடிக்கும். டீ கிளாசத் தூக்குனாக்கூட. என் மகனத் தூக்குனேன் செல்வி, அந்தப் பக்கமிருந்து அவனப் பிடிச்சு இழுத்துச்சு. அதுக்கு மேல நான் என்ன செய்ய?"

"அதுக்கு எதுக்குங்கண்ணா என்னக் கூட்டிட்டு வந்தீங்க?"

அவன் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"எங்கம்மா உங்கள நம்பித்தானுங்க அனுப்புச்சு. உங்க பைய நான்தானுங்க தூக்குனேன். ஒரு வருஷமா நான்தானுங்களே எல்லாத்தையும் தூக்குனேன்."

"அதனாலதான்" என்றான் பொன்ராஜ். "நீ விடமாட்ட. எனக்குத் தெரிஞ்ச ஆள்லயே நீ ஒருத்திதான் விடமாட்ட."

பிறகு, அழுகை நின்ற குரலில், கிட்டத்தட்ட ஆச்சரியத்தோடு சொன்னான்.

"கை லேசா இருக்கு, செல்வி. இப்ப தண்ணி பாட்டில எடுத்துக் குடிச்சேன். ஒன்னுமே இல்ல. அம்புட்டு லேசா இருக்கு."

கார் கியர் மாறும் சத்தம் கேட்டது. இணைப்பு அறுந்தது.

அவளுடைய கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. துடைக்கக் கையில்லை. பயத்தைவிட முதலில் வந்தது அதுதான். அம்மா அவனுக்குப் பரிமாறியதும், இன்னும் கொஞ்சம் போட்டுக்க தம்பி என்றதும், அவன் தலையைக் குனிந்து சாப்பிட்டதும் கண்ணில் வந்து வந்து போயின. போன தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த சட்டை. நீலக் கட்டம். இன்று அதைத்தான் போட்டிருந்தான்.

பயம் அதற்குப் பின்னால் வந்தது. காலிலிருந்து ஏறியது.

இடைவெளியின் வழியே பார்க்கக்கூடாது என்று நினைத்தாள். பார்த்தாள்.

பெட்டியின் மறு விளிம்பில் விரல்கள் இருந்தன. எட்டு. விளிம்பைச் சுற்றி வளைத்துப் பிடித்தவை. நகங்கள் கருத்திருந்தன. ஒரு விரலில் கிழிந்துபோன ரப்பர் உறையின் மிச்சம் ஒட்டியிருந்தது. விரல்கள் நடுங்கின. பாரம் தாங்காமல் நடுங்குகிற மனிதனின் விரல்கள் எப்படி நடுங்குமோ அப்படி.

"ஜினோ" என்றாள். "ஜினோ, நான் விடமாட்டேன். உள்ள தள்ளிடலாம். தள்ளிட்டா முடிஞ்சுது. சரியா?"

டக், டக்.

தள்ளினாள். அந்தப் பக்கம் இழுத்தது. வளைந்த தாங்கியைப் பெட்டி உரசிக்கொண்டு தாண்டியது. இன்னும் ஒரு சாண். இன்னும் நாலு விரல். இரண்டு பக்கத்துக் கொக்கிகளும் ரேக்கில் விழுந்தன. க்ளிக். க்ளிக்.

முடிந்தது.

கைகளை வெளியே எடுத்தாள்.

சர்வர் ரேக்கில் இருந்தது. நேராக, ஒழுங்காக. பாரம் கையில் இருந்தது.

ஒன்றுமில்லாத காற்றில் அவள் உள்ளங்கைகள் மேல்நோக்கி விரிந்திருந்தன. அவற்றின்மேல் முப்பது கிலோ. இல்லை, அதற்கும் மேல். ஐம்பது. முழங்கை நரம்புகள் புடைத்தன. கைகளைத் தாழ்த்திப் பார்த்தாள், ஒரு விரற்கடை மட்டும்.

எதிரே ஒரு தொண்டை திணறியது. மிக அருகில். ரேக்குக்கு அந்தப் பக்கம் இல்லை, இந்தப் பக்கம். இரண்டடி தூரத்தில். எலும்பு நெரியும் சத்தம்.

சட்டென்று தூக்கிப் பிடித்தாள். திணறல் நின்றது.

விட்டுவிடலாம். அவளைக் கட்டிப்போட்டவர் யாருமில்லை. பூட்டில்லாத கதவு. கையை விரித்து உதறிவிட்டு ஓடினால் போதும், பொன்ராஜ் ஓடியதைப்போல. அவன் கேட்டதை அவளும் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

விடவில்லை. விட முடியவில்லை. விடமாட்டாள் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

பாரம் நகர்ந்தது. எதிர்முனை அவளைச் சுற்றி மெதுவாக வாசல் பக்கம் திரும்ப, அவளும் சேர்ந்து திரும்பினாள். அது ஓர் அடி போனது. அவள் ஓர் அடி வைத்தாள். கதவு தானாகத் திறக்கவில்லை. யாரோ முதுகால் தள்ளினால் எப்படித் திறக்குமோ அப்படித் திறந்தது, கொஞ்சம் கொஞ்சமாக. அப்போதுதான் புரிந்தது. அந்தப் பக்கம் பிடித்திருப்பவன் பின்னோக்கி நடக்கிறான். முகம் அவளைப் பார்த்திருக்கிறது.

நடை. ஈரச் சுவர். தேயிலை வாசனை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ரப்பர் தரையில் தன்னுடைய காலடிச் சத்தமும், அதற்கு மாற்றாக இன்னொரு காலடிச் சத்தமும்.

வெளிக்கதவு விரியத் திறந்திருந்தது. மஞ்சு உள்ளே வந்துகொண்டிருந்தது. சூசையப்பன் குடையைப் பிடித்துக்கொண்டு வேகமாக ஏறி வந்தார்.

"ஏம்மா, பொன்ராஜ் சார் காரெடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டாரே, சொல்லாமக்கொள்ளாம. நீ எப்பிடி..."

நிறுத்தினார். அவளைப் பார்த்தார். பிறகு அவளுக்கு முன்னால் பார்த்தார். இரண்டு பேர் கனமான எதையோ தூக்கி வரும்போது ஒதுங்குவதைப்போலச் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டார்.

"இந்தத் தம்பி எப்ப உள்ள வந்தாப்ல?" என்றார். குரலில் குழப்பம்தான் இருந்தது, பயமில்லை. "ரெண்டு பேரும் வெறுங்கையத் தாங்கிக்கிட்டு எங்க போறீக?"

செல்வப்பிரியா குனிந்த தலை நிமிராமல் கைகளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள்.

சூசையப்பன் குடையை மடக்கிவிட்டு, அவளுக்கு எதிரே, வாசல் விளிம்பில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்துக் கை நீட்டினார்.

"தம்பி, பின்னால படி இருக்கு. பாத்துக் கால வையி."

பாரம் அந்தப் பக்கம் ஒரு படி தாழ்ந்தது. பிறகு இன்னொரு படி. அங்கேயே நின்று, அவள் இறங்கி வருவதற்காகக் காத்திருந்தது.